நாகசுரச் சக்கரவர்த்தி

மங்கல நிகழ்ச்சி எதுவாயினும் அதனை நாகசுர ஒலியோடு தொடங்குதல் தமிழர் மரபு. மணமகள் கழுத்தில் மங்கல நாண் பூட்டும் வேளையிலும், இறைவன் திருவீதிக்கு எழுந்தருளும் பொழுதிலும் முற்பட ஒலிப்பது நாகசுரமே. சென்னை மாநகரின் தென்பகுதியாகிய மயிலாப்பூரில் ஆண்டுதோறும் பங்குனித் திங்களில் கபாலீசுவரர் திருக்கோயிற் பெருவிழா நடைபெறுகின்றது. அவ்விழாவில் அறுபத்துமூவர் உலா வரும் நாளன்று நான்கு மாட வீதிகளும் மக்கள் வெள்ளத்தால் நிரம்பும். வணிகர் கூவும் குரலும், குழந்தைகளின் அழுகையும், அடியார்களின் முழக்கமும் ஒன்றோடொன்று கலந்து எழும். அவ்வாரவாரம் அனைத்தையும் கடந்து, தொலைவில் நிற்பார் செவியிலும் சென்று பாய வல்லது நாகசுரம். மல்லாரி என்னும் இசை எழுந்ததும், சுவாமி புறப்பட்டுவிட்டார் என்பதை அடுத்த வீதியில் நிற்பவரும் அறிந்துகொள்வர்.

இவ்வாறு திறந்த வெளியில் ஒலிப்பதற்கென்றே அமைந்த கருவி அது. அதனை அரங்கில் அமர்ந்து அமைதியாகக் கேட்டு இன்புறத்தக்க கருவியாகவும் ஆக்குதல் இயலுமா? அதன் இயல்பான கம்பீரம் குறையாமல், குரலிசைக்கு உரிய குழைவையும் அதற்குள் கொண்டுவருதல் கூடுமா? இவ்வினாக்களுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக்கிக் காட்டியவர் ஒருவர். அவரே நாகசுரச் சக்கரவர்த்தி என்று நாடு போற்றிய திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை ஆவார்.

பிறப்பும் இசைக் கல்வியும்

சோழவள நாடு நெல்லுக்கு மட்டுமன்றி இசைக்கும் விளைநிலம். காவிரி பாயும் அந்நாட்டில் திருமருகல் என்னும் ஊரில், 1898 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27 ஆம் நாள் இராஜரத்தினம் பிறந்தார். தந்தையார் குப்புசாமி பிள்ளை, தாயார் கோவிந்தம்மாள். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம் என்பது. இராஜரத்தினம் என்ற பெயரே பின்னர் நிலைபெற்றது. இளமையிலேயே தந்தையை இழந்த அவரை, நாகசுரத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த அம்மான் திருமருகல் நடேச பிள்ளை மகன்மை கொண்டார். அதனால் அவர் பெயரின் முன்னெழுத்தும் நடேச பிள்ளையின் பெயரையே குறிப்பதாயிற்று.

நாகசுரக் குடும்பத்திற் பிறந்த சிறுவர்கள் கருவியைக் கையிலெடுக்கும் நாளை எதிர்நோக்கியிருப்பது இயல்பு. ஆனால் இராஜரத்தினம் முதலிற் கற்றது வாய்ப்பாட்டாகும். திருக்கோடிகாவல் கிருஷ்ணையர் என்பார் அக்காலத்துப் பிடில் மேதைகளுள் தலைசிறந்தவர். அவரிடம் அமர்ந்து சுரங்களையும் கீர்த்தனைகளையும் குரலாலேயே பாடிப் பயின்றார். சிறுவராயிருந்தபோதே வாய்ப்பாட்டுக் கச்சேரியும் செய்தார். பின்னரே திருவாவடுதுறை மார்க்கண்டேயம் பிள்ளை, அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளை ஆகியோரிடம் நாகசுரம் கற்றார்.

இவ்வரிசை முறை கருதத்தக்கது. குழலை ஊதக் கற்குமுன் அவர் பாடக் கற்றார். இராகத்தின் வடிவு விரலில் ஏறுமுன் நெஞ்சில் ஏறிவிட்டது. பிற்காலத்தில் அவர் கருவியிடம் எதனைத் தேடினார் என்பதை விளங்கிக்கொள்வதற்கு இதுவே திறவுகோலாகும்.

நாகசுரத்தின் அமைப்பு

நாகசுரத்தின் உறுப்புக்களை இங்கே சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். நீண்ட மரக்குழலுக்கு உலவு என்பது பெயர். அது மேலே ஒடுங்கியும் கீழே வரவர விரிந்தும் கூம்பு வடிவாய் அமைந்திருக்கும். அதனை ஆச்சா என்னும் மரத்தாற் கடைவர். அப்பொழுது வெட்டிய பச்சை மரம் இதற்கு உதவாது. பழைய வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் பல்லாண்டுகள் நின்று, ஈரம் முற்றும் வற்றிய மரத்தையே கைவினைஞர் தேடி வாங்குவர். குழலின் அடியில் ஒலி விரிந்து பரவுதற்காகப் பொருத்தப்படும் வாய் அணசு எனப்படும். மேல் முனையில் கெண்டை என்னும் சிறு உலோகக் குழல் செருகப்படும். அதன்மேற் பொருந்துவது சீவாளி.

சீவாளி என்பது நாணல் வகையிலிருந்து பதப்படுத்திச் செய்யப்படும் இரட்டை நாக்காகும். வாசிப்போன் இதழ்களுக்கு இடையே அது அதிர்வதனால்தான் ஒலி பிறக்கின்றது. திருவாவடுதுறை நல்ல சீவாளி செய்வதற்குப் பெயர்பெற்ற ஊர். நாகசுரத்தின் கழுத்தில் நூலாற் கட்டிய வேறு சில சீவாளிகளும், அவற்றைச் செப்பம் செய்வதற்குரிய ஊசியும் தொங்குவதை மாணவர்கள் திருவிழாக்களிற் கண்டிருக்கக்கூடும். சீவாளி சிறிது தடித்தாலும் மெலிந்தாலும், ஈரம் மிகுந்தாலும் குறைந்தாலும் ஒலி மாறிவிடும். ஆதலின் தேர்ந்த கலைஞர் அதனைக் கண்ணின் மணிபோற் காப்பர்.

குழலில் பன்னிரண்டு துளைகள் உண்டு. மேலுள்ள ஏழு துளைகளே விரல்களால் மூடித் திறக்கப்படுவன. கீழுள்ள ஐந்தும் ஒலியைச் சீர்செய்தற்கு உரியவை. அவற்றை வேண்டியவாறு மெழுகினால் அடைத்துக்கொள்வர். ஏழு துளைகளைக்கொண்டு இராகங்களின் நுட்பமான சுரங்களையெல்லாம் எவ்வாறு எழுப்புவது? துளையை முழுதும் திறவாமற் பாதியோ காலோ திறந்தும், மூச்சின் விசையைக் கூட்டியும் குறைத்தும், இதழ்களாற் சீவாளியை இறுக்கியும் தளர்த்தியுமே அவற்றைப் பெறவேண்டும். வீணையில் மெட்டுக்கள் சுரத்தின் இடத்தைக் காட்டி நிற்கின்றன. நாகசுரத்திலோ காதும் மூச்சும் இதழுமே அவ்விடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

திமிரியும் பாரியும்

நாகசுரத்துள் திமிரி, பாரி என இரு பெரும் வகைகள் உண்டு. இவ்விரண்டற்கும் இடைப்பட்டது இடைப்பாரி எனப்படும். திமிரி குட்டையானது, நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் உச்சமாக ஒலிப்பது. பாரி நெட்டையானது, இரண்டு அல்லது இரண்டரைக் கட்டைச் சுருதியில் ஆழ்ந்து ஒலிப்பது. குழல் குறுகினால் ஒலி ஏறுதலும், நீண்டால் ஒலி தாழ்தலும் இயற்கை விதி.

இவ்விரண்டனுள் எது சிறந்தது? இன்ன தொழிலுக்கு இது என்று சொல்லலாமேயன்றி, பொதுவாக ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் பொருந்தாது. வீதியுலாவிற்குத் திமிரி ஏற்றது. அதன் கூரிய ஒலி கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு செல்லும். விரல் துளைகள் நெருங்கியிருத்தலால் விரைந்த சுரக்கோவைகள் எளிதில் வந்து விழும். பாரியிலோ துளைகள் அகன்றிருக்கும். விரல்களை விரித்து வைத்தல் வேண்டும். நீண்ட குழலை நிறைத்தற்கு மூச்சும் மிகுதியாக வேண்டும். ஆயினும் அவ்வுழைப்பிற்குத் தக்க பயனும் உண்டு. பாரியின் சுருதி ஆடவர் குரலின் சுருதிக்கு நெருங்கி வருகின்றது. அதில் எழும் ஒலி காதைத் தாக்காமல் கனத்தோடும் குழைவோடும் வந்து நிறைகின்றது.

இராஜரத்தினமும் முதலில் திமிரியையே வாசித்துப் புகழ் பெற்றார். பேரும் பொருளும் வந்து சேர்ந்த பின் கருவியை மாற்றிக்கொள்ள எவரும் எளிதில் துணியார். பழகிய விரலும் மூச்சும் புதிய கருவிக்கு இணங்க நாளாகும். கேட்டுப் பழகியவர்கள் பழைய மிடுக்கு இல்லையே என்று குறை கூறவும் கூடும். அவற்றையெல்லாம் பொருட்படுத்தாது அவர் பாரியை மேற்கொண்டார். பாடிப் பயின்ற அவர் நெஞ்சம் கருவியிலும் குரலின் தன்மையையே நாடியது.

நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர்

சுருதியைத் தாழ்த்தியதோடு அவர் தேட்டம் அடங்கவில்லை. பழைய நாகசுரங்களில் ஒரு குறை இருந்தது. மத்திமத்திற்கு உரிய துளையை இயல்பாகத் திறந்தால் சுத்த மத்திமம் தன் இடத்தில் நில்லாது. சற்று ஏறியே ஒலிக்கும். வாசிப்போர் மூச்சினாலும் இதழினாலும் அதனை அடக்கிக் கீழே கொண்டுவர வேண்டியிருந்தது.

இராஜரத்தினத்தின் பெயரோடு இரண்டறக் கலந்த இராகம் தோடி. அதில் வரும் மத்திமம் சுத்த மத்திமமே. கருவி மறுத்த சுரத்தைத் தம் திறமையால் வருவித்தே அவர் அந்நாள்வரை தோடியை வாசித்து வந்தார். அவர் வாசிப்பைக் கேட்டவர்க்குக் குறை ஒன்றும் தோன்றியிராது. ஆயினும் அவர் செவி அமைதி பெறவில்லை. தம் ஆற்றலாற் குறையை மறைத்துக்கொள்வது வேறு. வருங்காலத்தில் வாசிப்போர் எல்லார்க்கும் அக்குறை இல்லாமற் செய்வது வேறு.

திருவாவடுதுறைக்கு அண்மையில் உள்ளது நரசிங்கம்பேட்டை. நாகசுரம் கடையும் கைவினைஞர் வழிவழியாக வாழும் ஊர் அது. அங்கிருந்த அரங்கநாதன் ஆசாரி தொழிலில் வல்லவர். இராஜரத்தினம் வாசித்துக் குறை கூறுவார்; ஆசாரி திருத்துவார். ஒருவர் செவியும் மற்றொருவர் கையும் கூடியே இவ்வேலை நடந்தது. குழலின் நீளம், உள்துளையின் விரிவு, துளைகளுக்கு இடையேயுள்ள தொலைவு ஆகியவற்றுள் ஒன்றை மாற்றினால் ஏனையவும் மாறிவிடும். ஒரு சுரத்தைத் திருத்தப் புகுந்தால் மற்றொரு சுரம் பிறழும். எனவே பொறுமையன்றி வேறு வழி இல்லை. முடிவில் சுத்த மத்திமம் தன் இடத்தில் தூய்மையாக நிற்கும் பாரி நாகசுரம் உருவாயிற்று. பின்வந்தோர் பெரும்பாலும் அவ்வகையையே கைக்கொண்டனர். 2022 ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இசைவாணர் பெயரோடு கைவினைஞர் பெயரும் நிலைத்து நிற்பது பெருமைக்குரியது.

ஒலியை உருவாக்குவன

கருவி சிறந்ததாயின் எவர் வாசித்தாலும் அது இனிக்குமோ எனின், இனிக்காது. ஐரோப்பிய இசைக்குழுக்களில் ட்ரம்பெட் என்னும் பித்தளைக் குழல் இடம் பெறுகின்றது. அதில் சீவாளி இல்லை. வாசிப்போன் இதழ்களே அதிர்ந்து ஒலியை எழுப்புகின்றன. அதனிலும் நீண்டது, குறுகியது என வகைகள் உண்டு. நீண்ட குழலின் ஒலி அகன்றும் கனத்தும் இருக்கும்; குறுகிய குழலின் ஒலி தெளிந்தும் மின்னியும் இருக்கும். நம் நாட்டுப் பாரிக்கும் திமிரிக்கும் உள்ள வேறுபாட்டை இது நினைவூட்டுகின்றது. அந்நாட்டு இசைஞரும் குழலின் வகையையும், வாயில் வைக்கும் கிண்ணத்தின் ஆழத்தையும் நுணுகி ஆராய்ந்தே தேர்ந்துகொள்வர். ஆயினும் ஒரே குழலை இருவர் ஊதினால் இரு வேறு ஒலிகள் எழுகின்றன. ஒருவர் குழலை மாற்றினாலும், சில நாட்களில் அவருடைய பழைய ஒலியே திரும்பி வந்துவிடுகின்றது.

இதற்குக் காரணம் யாது? மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்துச் சீராகச் செலுத்தும் வன்மை ஒன்று. இதழ்களின் பிடிப்பு ஒன்று. வாயின் உள்ளிடமும் நாவின் அசைவும் ஒன்று. துத்துகாரம், தன்னகாரம் என நாவினால் ஒலியைப் பிரித்தும் சேர்த்தும் வாசிக்கும் முறைகளை நாகசுர ஆசிரியர்கள் பயிற்றுவர். இவை அனைத்தையும் நடத்தும் தலைவனாக நிற்பது செவி. எத்தகைய ஒலி வேண்டும் என்பதை நெஞ்சம் முன்னரே கேட்டிருந்தாலன்றி, மூச்சும் இதழும் அதனைத் தேடிச் செல்லமாட்டா.

இராஜரத்தினத்தின் மாணாக்கருள் தலைசிறந்தவர் காருகுறிச்சி அருணாசலம். அவர் குருவின் அருகிலிருந்து உடன் வாசித்துப் பயின்றவர். குரு போற்றிய பாரி நாகசுரத்தையே வாசித்தவர். எனினும் இருவர் ஒலியும் ஒன்றல்ல. குருவின் ஒலியில் வீறு மிகுந்திருந்தது. மாணாக்கர் ஒலியில் கனிவு மிகுந்திருந்தது. 1962 ஆம் ஆண்டில் வெளிவந்த கொஞ்சும் சலங்கை என்னும் திரைப்படத்தில் அருணாசலத்தின் வாசிப்பைக் கேட்டவர் இதனை நன்கு உணர்வர். கருவி வழிவிடும், வழியில் நடப்பவன் கலைஞனே.

வீதியிலிருந்து அரங்கிற்கு

அக்காலத்தில் நாகசுர வித்துவான்கள் பெரும்பாலும் நின்றும் நடந்துமே வாசித்தனர். மேலாடையை இடுப்பிற் கட்டிக்கொண்டு செல்வர்முன் பணிந்து நிற்றல் வழக்கமாயிருந்தது. வாய்ப்பாட்டுக்காரர் மேடைமேல் அமர்ந்து பாட, அவர்க்கு நிகரான புலமை உடைய நாகசுரக்காரர் வாயிலில் நின்று வாசித்தார். இவ்வேற்றத்தாழ்வை இராஜரத்தினம் ஏற்றுக்கொள்ளவில்லை. சட்டையும் நீண்ட அங்கியும் அணிந்து மேடையில் அமர்ந்து வாசித்தார். ஒத்து என்னும் துணைக் குழலுக்கு மாறாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். தவில் மேதையாகிய நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்குப் பக்கபலமாக விளங்கினார். இராஜரத்தினத்தைச் செருக்கு மிக்கவர் என்று சொன்னவர்களும் உண்டு. ஆயினும் அச்செருக்கினால் உயர்ந்தது அவர் ஒருவர் மட்டுமன்று. அக்கலையைத் தொழிலாகக் கொண்ட பல குடும்பங்களின் மதிப்பும் அதனோடு உயர்ந்தது.

காலமும் அவருக்குத் துணைநின்றது. சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர் முதலிய பகுதிகளில் இசைச் சபைகள் தோன்றி வளர்ந்த காலம் அது. 1928 இல் மியூசிக் அகாதெமி நிறுவப்பட்டது. 1938 இல் சென்னை வானொலி நிலையம் தொடங்கிற்று. அது 1954 இல் மயிலைக் கடற்கரைச் சாலையில் அமைந்த கட்டடத்திற்கு இடம் பெயர்ந்தது. ஒலிபெருக்கி வந்த பின், தொலைவிற் கேட்கவேண்டும் என்பதற்காகக் கருவி உரக்க ஒலிக்கவேண்டிய கட்டாயம் நீங்கியது. நான்கு சுவர்களுக்குள் அமர்ந்திருப்போர்க்கும், வானொலியின்முன் செவி சாய்ப்போர்க்கும் வேண்டியது நுட்பமும் குழைவுமே. அத்தேவையைப் பாரி நாகசுரம் நிறைவு செய்தது. இசைத்தட்டின் வழியாகவும் வானொலியின் வழியாகவும் இராஜரத்தினத்தின் தோடி பட்டி தொட்டிகளையும் எட்டியது.

வாய்ப்பாட்டைப் பின்பற்றியே கருவியிசை வளரும் என்பர். இராஜரத்தினத்தின் வாழ்வில் அவ்வாறு பெற்ற கடன் திருப்பிச் செலுத்தப்பட்டது. சென்னையிற் புகழோடு விளங்கிய இசைமேதை ஜி. என். பாலசுப்பிரமணியம் நாகசுர வாசிப்பின் பெருக்கையும் வேகத்தையும் தம் பாட்டில் ஏற்றுக்கொண்டார். இராஜரத்தினத்தின் வாசிப்பில் அவருக்குப் பெருமதிப்பு உண்டு. குரலிடமிருந்து குழல் கற்றது. பின்னர்க் குழலிடமிருந்து குரலும் கற்றது.

புகழும் மறைவும்

இராஜரத்தினம் திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாக விளங்கினார். 1940 இல் வெளிவந்த காளமேகம் என்னும் திரைப்படத்தில் அப்புலவராகவே நடித்தார். 1947 ஆகஸ்டு 14 ஆம் நாள் இரவு, நாடு விடுதலை பெறும் வேளையில் ஆதீனத்தின் சார்பில் ஜவகர்லால் நேருவுக்குச் செங்கோல் அளிக்கச் சென்ற குழுவோடு அவரும் தில்லி சென்று நாகசுரம் வாசித்தார். சக்கரவர்த்தி என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டி நின்றது. கலையால் ஈட்டிய பொருளை அவர் சேர்த்து வைத்தாரல்லர். மன்னர்போல வாரி வழங்கியே வாழ்ந்தார்.

1956 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12 ஆம் நாள் சென்னையில் அவர் இயற்கை எய்தினார். அப்பொழுது அவர்க்கு வயது ஐம்பத்தெட்டு. மயிலை மாட வீதிகளில் இன்றும் விழாக்காலந்தோறும் நாகசுரம் ஒலிக்கின்றது. வீதியில் அதன் முழக்கத்தை வியந்தவர்களே சபையில் அமர்ந்து அதன் நுட்பத்தையும் சுவைக்கின்றனர். இவ்விரு பேறும் ஒரு கருவிக்கே வாய்த்தமைக்கு அவர் முயற்சி பெருங்காரணமாகும்.

கருவி நல்லதாயின் கலை தானே வரும் என்று எண்ணி வாளாவிருத்தலும் தவறு. திறமை இருந்தாற் போதும், கருவி எதுவாயினும் ஆகுக என்று அமைதலும் தவறு. இராஜரத்தினம் முதலில் செவியைத் திருத்திக்கொண்டார். பின்பு மூச்சையும் இதழையும் பழக்கினார். அதன் பின்னரே கருவியைத் திருத்தப் புகுந்தார். குறையுள்ள கருவியிலும் நிறைவான இசையை எழுப்பத் தெரிந்தவராதலின், அக்குறை எங்கே உள்ளது என்று கைவினைஞர்க்குச் சுட்டிக்காட்டவும் அவரால் இயன்றது. எத்தொழிலைக் கற்கும் மாணவரும் மனத்திற் கொள்ளத்தக்க நெறி இதுவாகும்.